பித்தப்பைச் சுவர் தடித்தால் புற்றுநோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் கற்களும் 9 மி.மீ. சுவர்த் தடிப்பும் தெரிந்தன. 'புற்றுநோயாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. திசு அறிக்கையில் 'சாந்தோகிரானுலோமேட்டஸ் கோலிசிஸ்டைட்டிஸ், ரோகிட்டான்ஸ்கி-ஆஷாஃப் சைனஸ், புற்று இல்லை' என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: திசு அறிக்கையை நம்புங்கள். 22 ஆண்டுகளாகப் பித்தப்பைகளை வெட்டிப் பார்த்து அறிக்கை எழுதுகிறவள் நான்.

ஸ்கேன் பார்த்தவர் மேல் குறை சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றில் பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்குள் இருக்கும். அதைத் தாண்டினால் தடிப்பு தெரியும். ஏன் தடித்தது என்பது பல நேரம் படத்தில் பிடிபடாது. கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் குறைவு ஆகியவற்றிலும், பித்தப்பையில் கோளாறே இல்லாமல் சுவர் வீங்கும். உங்கள் அம்மாவுக்கு வந்த சாந்தோகிரானுலோமேட்டஸ் கோலிசிஸ்டைட்டிஸோ பித்தப்பையின் ஒருவகை நாள்பட்ட அழற்சி; பக்கத்துக் கல்லீரலோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. சி.டி.யிலும் புற்றைப் போலவே ஏமாற்றும்.

கத்தி வைத்து வெட்டினால் சுவருக்குள் மஞ்சள் மஞ்சளாக முடிச்சுகள் தெரியும். 'சாந்தோ' என்றால் கிரேக்க மொழியில் மஞ்சள். நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்பை விழுங்கி நுரைத்துப்போன செல்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நடுவே ஊசி போன்ற வெற்றுக் கீற்றுகள். கொலஸ்ட்ரால் படிகங்கள் இருந்து கரைந்த தடம் அது. கல் அடைத்து, உள்ளே அழுத்தம் ஏறி, பித்தநீர் சுவருக்குள் கசிந்திருக்கிறது. அதை அப்புறப்படுத்த உடல் பாடுபட்ட இடத்தைத்தான் நாங்கள் பார்க்கிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராத காட்சி.

ரோகிட்டான்ஸ்கி, ஆஷாஃப் இருவரும் என் துறையான நோய்க்குறியியலின் முன்னோர்கள். பித்தப்பையின் உட்சவ்வு தசைக்குள் சிறு பைகளாக இறங்கியிருப்பதற்கு அவர்கள் பெயர். நாள்பட்ட அழற்சியில் அடிக்கடி காண்பதுதான், பயம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரிதாக, இந்த அழற்சியும் புற்றும் ஒரே பித்தப்பையில் சேர்ந்திருப்பதுண்டு. அதனால் தடித்த சுவரில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தார்களா, பித்தப்பைக் குழாயின் வெட்டுமுனையையும் பார்த்தார்களா என்று அறிக்கை எழுதியவரிடமே கேட்கலாம். என்னிடம் அப்படிக் கேட்டு வந்தவர்களை உட்காரவைத்து நுண்ணோக்கியிலேயே காட்டியிருக்கிறேன். மெழுகுக் கட்டிகளில் பதித்த திசு ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும். தேவைப்பட்டால் அதிலிருந்து மறுபடியும் சீவிப் பார்க்க முடியும்.