மீட்டர் 12.5 காட்டுகிறது, காடி ஏன் எடுக்கவில்லை?

கோலாலம்பூர் செந்தூலில் காடி (கார்) பேட்டரி விற்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் பேட்டரியோடு கேள்வியையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் சில.

கேள்வி: அண்ணே, நேற்றுவரை ஓடிய காடி இன்றைக்கு ‘டக் டக்’ என்கிறது. மீட்டரில் 12.5 வோல்ட் இருக்கிறதே?

பதில்: மீட்டர் இழுப்பது ஒரு சொட்டு மின்சாரம். இஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். சாவியைத் திருகிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். சடாரென்று 8, 7 என்று இறங்கினால் பேட்டரியின் கதை முடிந்தது.

உள்ளே ஆறு அறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஒரு தகடு ஈயம், எதிர்த்தகடு ஈய டையாக்சைடு, நடுவில் கந்தக அமிலம். ஈயம் விடும் எலக்ட்ரான்கள் ஒயர் வழியாகப் போய் ஸ்டார்ட்டரைச் சுழலவைத்துவிட்டு எதிர்த்தகட்டில் சேரும். இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் பழையபடி மாறும். ஆனால் அரைகுறை சார்ஜில் வாரக்கணக்கில் போட்டுவைத்தால் சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். அப்படிச் செத்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், தகடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை. அமிலம் எங்கே போய் ஈயத்தைத் தொடும்? போதாததற்கு, நம் ஊர் வெயிலும் ஜாமில் நிற்கும் இஞ்சின் சூடும் தகட்டை அரிக்கும்.

கேள்வி: தண்ணீர் குறைந்தால் ஆசிட் ஊற்றலாமா?

பதில்: கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஹைட்ரஜனுக்குப் பயந்துதான் சிகரெட்டை அணைக்கச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்புக் கம்பியும் குத்தினான். டார்ச் பல்பு எரியவில்லை, அழுகிறான்.

பதில்: அழவேண்டாம் தம்பி, அந்த பல்பு எந்தப் பழத்துக்கும் எரியாது. ஒரு பழம் ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும், மின்னோட்டமோ மிகச் சொற்பம். துத்தநாகம் பூசிய ஆணி வாங்குங்கள், வெறும் இரும்பில் வோல்ட் இன்னும் குறையும். நான்கு பழத்தை வரிசையாகக் கோத்துச் சிவப்பு எல்இடி போடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் லேசாக மினுங்கும். மறுநாள் ஆணியை உருவிப் பாருங்கள், பளபளப்பு போயிருக்கும். துத்தநாகம்தான் கரைந்து மின்சாரம் தருகிறது, பழச்சாறு வழிவிடுகிறது. 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா அடுக்கிய மின்கலத்திலும் துத்தநாகம் இருந்தது, சாறுக்குப் பதில் உப்புத் தண்ணீர்.

கேள்வி: போனை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போடலாமா?

பதில்: சாதாரணமாக வெடிக்காது, நிறைந்ததும் உள்ளிருக்கும் சர்க்யூட் நிறுத்திவிடும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜோடு சூடும் சேர்ந்தால் ஆகாது. தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கேள்வி: ஹைட்ரஜன் காடியில் இருக்கும் ஃபியூவல் செல் என்பதும் பேட்டரிதானா?

பதில்: சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்குள் சரக்கு அடைத்திருக்கும், தீர்ந்தால் சார்ஜ் வேண்டும். இதற்கு ஹைட்ரஜனை வெளியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும், ஆக்சிஜன் காற்றிலிருந்து வரும். உள்ளிருக்கும் பிளாட்டினம் ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும், அது ஒயர் வழியாக மின்சாரமாகப் போகும், மிச்சமுள்ள புரோட்டான் நடுவிலிருக்கும் சவ்வு வழியாகக் கடக்கும், மறுபக்கத்தில் ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகும். ஓடும்போது ஒரு செல் 0.7 வோல்ட் அளவுதான், அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். ஹைட்ரஜன் தயாரிக்கும் செலவுதான் உதைக்கிறது. மற்றபடி புகைக்குழாயில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான்.