படித்தவர்கள் ஏன் படிப்பதில்லை?

கேள்வி: இணையத்தில் படித்தவர்களே ஆங்கிலத்தை தப்பும் தவறுமாக எழுதுகிறார்கள். இட்ஸ், யுவர், தேர் ஒன்றுகூட உருப்படியாக வருவதில்லை. இந்த தவறுகளை பார்த்தால் பத்திரிகை ஆசிரியரான உங்களுக்குக் கோபம் வராதா?

பதில்: வரும். ஆனால் நீங்கள் நினைக்கிற ஆள்மேல் வராது.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'படித்தவர்கள்'. தமிழில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. கல்வி கற்றவர் என்பது ஒன்று. ஒன்றைக் கையில் எடுத்து வாசித்தவர் என்பது இன்னொன்று. நீங்கள் முதல் பொருளில் கேட்கிறீர்கள், நான் இரண்டாவது பொருளில் பதில் சொல்கிறேன். நீங்கள் குறிப்பிடும் பிழைகளில் பெரும்பாலானவை கல்லாமையால் வருவதில்லை. தான் எழுதியதைத் தானே ஒருமுறை திருப்பிப் படிக்காததால் வருகின்றன.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'தேர்' மூன்று. 'அங்கே' என்ற பொருளில் ஒன்று, 'அவர்களுடைய' என்ற பொருளில் ஒன்று, 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதைச் சுருக்கி எழுதுவது ஒன்று. எழுத்து வேறு வேறு, ஓசை ஏறக்குறைய ஒன்று. அவசரமாக எழுதும்போது கைக்குக் கட்டளை இடுவது காதுதான். காதுக்குத் தெரிந்தது ஒரே தேர். அதனால் எது முதலில் தெருவுக்கு வருகிறதோ அதைக் கை இழுத்துவந்து நிறுத்திவிடுகிறது. 'உன்னுடைய' என்கிற யுவரும் 'நீ இருக்கிறாய்' என்பதன் சுருக்கமான யுவரும் மோதிக்கொள்வது இதே கதை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் இதில் தாராளமாக விழுகிறார்கள். அவர்களுக்கு மொழி முதலில் காது வழியாக வந்தது, எழுத்து பின்னால் வந்தது. 'செய்திருக்க முடியும்' என்பதுபோன்ற பொருளில் வரும் 'குட் ஹேவ்' என்பதைப் பேச்சில் சுருக்கினால் கடைசியில் மிஞ்சுவது 'அவ்' என்ற ஒரு சின்ன ஒலி. 'உடைய' என்று பொருள்படும் 'ஆஃப்' என்ற சொல்லை வேகமாகச் சொன்னாலும் அதே ஒலிதான். ஆகவே 'குட் ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். வகுப்பில் வினைச்சொல் அட்டவணை போட்டு ஆங்கிலம் கற்றவர் இந்தத் தவறை எளிதில் செய்யமாட்டார். அவர் அந்தச் சொல்லைக் கேட்பதற்கு முன்பே புத்தகத்தில் பார்த்துவிட்டார்.

அவருடைய தவறுகள் வேறு. தமிழ், ரஷ்யன், சீனம், ஜப்பானியம் எதிலும் 'ஏ', 'ஆன்', 'தி' போன்ற சொற்கள் கிடையாது. இம்மொழிக்காரர்கள் ஆங்கிலம் எழுதும்போது 'தி' வேண்டிய இடத்தில் காணாமல் போகும், வேண்டாத இடத்தில் வந்து உட்காரும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. நம் மனதில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று ஓடுவதால் பின்னாலேயே ஓர் 'அபௌட்' ஒட்டிக்கொள்கிறது. இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு மொழியின் எலும்புக்கூட்டின் மேல் இன்னொரு மொழியின் சதை. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது. தன் மொழி தவிர இன்னொரு மொழியில் பத்து வரி எழுதிப் பார்த்தவருக்கு அந்தச் சிரிப்பு வராது.

சரி, இட்ஸுக்கு வருவோம். பெயர்ச்சொல்லுக்கு உடைமை காட்ட, காற்புள்ளியைத் தூக்கிக் கூரையில் வைத்ததுபோல ஓர் அபாஸ்ட்ரஃபி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அதை நம்பி ஒருவர் 'அதனுடைய' என்று சொல்ல வரும் இட்ஸுக்கும் அந்தக் குறியைப் போடுகிறார். விதியைக் கைவிட்டதால் வந்த தவறில்லை இது, விதியை விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்தது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதற்கும் அந்தக் குறி கிடையாது, இட்ஸும் அந்தக் குடும்பம்தான் என்று யாராவது சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு சங்கதி: 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நன்கு கற்றவர்களே இந்த உடைமை இட்ஸைக் குறியோடு எழுதியிருக்கிறார்கள், அப்போது அது தவறில்லை. இன்றைக்குச் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் குறி வேண்டும், விழுந்தால் வேண்டாம். பாருங்கள், இங்கேயும் மருந்து படிப்பதுதான்.

ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை செய்கிறவரை முட்டாள் என்று சொல்வதற்கு முன் அந்த எழுத்துகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பாருங்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' என்ற எழுத்தே இல்லை. அதன் பாட்டன் இலத்தீன் 'டெபிட்டும்' என்று காட்ட ஆசைப்பட்ட அறிஞர்கள் நடுவில் ஒரு 'பி'யைச் செருகினார்கள். அதை ஆங்கிலத்தில் யாரும் உச்சரித்ததில்லை. 'ஐலண்ட்' இன்னும் அநியாயம். அது ஆங்கிலத்தின் சொந்தப் பழைய சொல். இலத்தீன் 'இன்சுலா'வின் வழியில் வந்ததாகத் தவறாக எண்ணி 16ஆம் நூற்றாண்டில் அதற்குள் ஓர் 'எஸ்'ஸை நுழைத்தார்கள். ஆக அந்த 'எஸ்'தான் பிழை. இன்று ஒரு குழந்தை அதை விட்டுவிட்டு எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். படித்தவர்கள் செய்த பிழைக்குப் படிக்கிற குழந்தை ஐந்நூறு ஆண்டுகளாக மதிப்பெண் இழந்துகொண்டிருக்கிறது.

காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை அமைத்தார். அந்தக் காலத்தில்தான் ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்தன. வாய் ஒரு பக்கம் நடக்க, அச்சு எழுத்தை ஓரிடத்தில் கட்டிப்போட்டது. 1755இல் ஜான்சனின் அகராதி வந்தபோது அந்தக் கட்டு இறுகிவிட்டது. அமெரிக்காவில் அகராதிக்காரர் வெப்ஸ்டர் அவிழ்க்கப் பார்த்தார். கலரிலிருந்து 'யு'வை எடுத்தது நிலைத்தது. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை ஒலிப்பதுபோலவே எழுதலாம் என்றார், யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் 'அப்படியானால் எப்படி எழுதினால் என்ன, புரிந்தால் போதாதா' என்று ஒரு கட்சி கிளம்பும். அவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. யாருக்குப் புரிந்தால் போதும்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மிகைநேர ஊதியச் சட்டம் ஒன்று, விதிவிலக்கான வேலைகளை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'அனுப்புவதற்காகக் கட்டுதல் அல்லது விநியோகித்தல்' என்ற பொருளில் முடிந்தது. 'அல்லது'வுக்கு முன்னால் காற்புள்ளி இல்லை. கட்டுதல் மட்டும்தான் விலக்கா, விநியோகமும் விலக்கா? ஒரு பால் நிறுவனத்துக்கு வண்டி ஓட்டி விநியோகித்தவர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, மறுவருடம் அந்தப் பால் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டத்தை எழுதியவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது.

அப்புறம், திருத்தும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். சிவப்புக் கோடு போடும் பழைய வகைக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் என் பட்டியலில் இருக்கிறதா? 'டெஃபினிட்லி'யில் 'ஐ'க்குப் பதில் 'ஏ' போட்டால் பிடித்துவிடும். (உள்ளே 'ஃபைனைட்' இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. 'செபரேட்'டின் நடுவில் 'ஈ' போடுகிறவர்கள் அதற்குள் இலத்தீன் 'பராரே' இருப்பதை நினைத்துக்கொள்ளட்டும், 'ஏ' வந்துவிடும்.) ஆனால் இழப்பதைச் சொல்லும் 'லூஸ்' என்ற சொல்லுக்குப் பதிலாகத் தளர்வைச் சொல்லும் 'லூஸ்' விழுந்துவிட்டால் அது கோடு போடாது. இரண்டும் பட்டியலில் இருக்கிற நல்ல சொற்கள். புதிய மென்பொருள்கள் வாக்கியத்தையும் பார்க்கின்றன, பல இடங்களில் சரியாகவே சொல்கின்றன. ஆனால் நீங்கள் சொல்ல வந்தது எது என்று அவற்றுக்கு ஊகம்தான் உண்டு. உங்களுக்குத்தான் தெரியும்.

இணையத்தின் அடித்தளத்திலேயே ஒரு பிழை உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நீங்கள் போகும்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்பதை உலாவி பல நேரங்களில் சொல்லி அனுப்பும். அந்தத் தகவலின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு 'ஆர்' வேண்டும். உலாவிகள் எப்படித் தகவல் அனுப்ப வேண்டும் என்று வகுத்து 1996இல் வெளியான நெறிமுறை ஆவணத்தில் மூன்றுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் உலகம் முழுவதும் நிரல் எழுதினார்கள், அதனால் திருத்த முடியாமல் போய்விட்டது. பின்னால் வந்த 'ரெஃபரர் பாலிசி' என்ற இன்னொரு தகவலின் பெயரில் நான்கு 'ஆர்'களையும் சரியாக எழுதினார்கள். தந்தை தவறாக, பிள்ளை சரியாக, இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

ஆவணம் வெளியேறும் வாசலில் ஒரு பிழைதிருத்துநர் உட்கார்ந்திருந்தால்? இதுதான் என் தீராத ஆதங்கம், இந்தப் பக்கத்தை வாடிக்கையாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு பெரியவர் மெய்ப்புப் பார்ப்பார். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டு, கடைசி வரியிலிருந்து மேலே போவார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "மேலேயிருந்து படிச்சா கதை இழுத்துக்கிட்டுப் போயிடும் தம்பி, எழுத்து கண்ணுக்குத் தெரியாது" என்றார். எழுதியவரின் கண் தாளில் இருப்பதைப் பார்ப்பதில்லை, மனதில் இருப்பதைத்தான் தாளில் பார்க்கிறது. ஒரே சொல் இரண்டுமுறை விழுந்திருந்தாலும், ஒரு 'நாட்' விடுபட்டு வாக்கியம் தலைகீழானாலும் தெரியாது. அந்தப் பெரியவரின் வேலையைத்தான் இன்று எல்லா இடத்திலும் முதலில் வெட்டுகிறார்கள்.

அவர் இருந்தாலும் தப்பும், ஒப்புக்கொள்கிறேன். 1934இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டார்ட்' என்று ஒரு சொல், அடர்த்தி என்று பொருள். அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' போடலாம் என்று எழுதிய சீட்டில், இரண்டு 'டி'யையும் நடுவில் இருந்த 'ஆர்' என்ற ஆங்கில 'அல்லது'வையும் ஒரே சொல்லாகச் சேர்த்துவிட்டார்கள். 1939இல் ஓர் ஆசிரியர் அந்தச் சொல்லுக்கு வேர் விளக்கம் இல்லையே என்று நின்று பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அவரும் எதையும் புதிதாகக் கற்றுக் கண்டுபிடிக்கவில்லை. நின்று படித்தார், அவ்வளவுதான்.

ஜான் பாங்சண்ட் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் 1992இல் ஒரு விதி சொன்னார்: பிறர் எழுத்தைக் குறைசொல்லி நீங்கள் எழுதினால், அதில் ஏதாவது ஒரு பிழை இருக்கும். தவறக்கூடியது தவறியே தீரும் என்கிற மர்ஃபி விதியை நினைவூட்டும்படி, அந்தப் பெயரையே வேண்டுமென்று எழுத்து மாற்றி 'மஃப்ரி விதி' என்று வைத்தார். நண்பரே, உங்கள் கேள்வியை வந்தபடியே அச்சிட்டிருக்கிறேன். 'ஆங்கிலத்தை தப்பும்' என்பதில் ஒரு 'த்' இல்லை. 'இந்த தவறுகளை பார்த்தால்' என்பதில் ஒரு 'த்'தும் ஒரு 'ப்'பும் இல்லை.

உங்களைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. 'ர'வா 'ற'வா என்று தடுமாறுகிறவருக்குக் காது உதவாது, அவர் தேரில் தடுமாறும் ஆங்கிலேயருக்கு உறவு. ஒற்றுக்குப் பல இடங்களில் காது உதவும். உங்கள் கேள்வியை இப்போது எடுத்து வாய்விட்டு, அவசரப்படாமல் படியுங்கள். 'இந்தத் தவறுகளைப் பார்த்தால்' என்று நீங்கள் எழுதாத 'த்'தையும் 'ப்'பையும் உங்கள் நாக்கே சொல்லும்.