தலைப்பில் இருப்பவன் திரையில் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிம் பர்ட்டனின் 'பேட்மேன்' (1989), 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' (1992) இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். வில்லன்களான ஜோக்கரும் பெங்குவினும்தான் திரையை நிறைக்கிறார்கள். பேட்மேன் எப்படிப்பட்டவன் என்பது கடைசிவரை பிடிபடவே இல்லை. இது திரைக்கதையின் பலவீனம்தானே? நானும் முகமூடி நாயகன் கதை ஒன்றை எழுதிவருவதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலவீனம் இல்லை, இருளையும் மர்மத்தையும் வைத்துப் பயமூட்டும் காத்திக் கதைமரபு அது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் டிராகுலாவை எதிர்ப்பவர்கள் அல்லது அவனுக்கு இரையாகிறவர்கள். அவனுக்கென்று ஒரு நாட்குறிப்பு கிடையாது. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு அவன் நேரில் வருவதும் குறைவு. ஆனாலும் அவனைப் பற்றிய பயம் விலகுவதே இல்லை.

1989 படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அப்பா, அம்மா, சிறுவன் மூவரும் ஒரு சந்தில் வழிப்பறிக்கு ஆளாகிறார்கள். பேட்மேனாக மாறும் புரூஸ் வெய்ன் சிறுவயதில் பெற்றோரைக் கொலையில் இழந்தவன் என்ற கதை தெரிந்தவர்கள், இது அவனுடைய சிறுவயது என்றே நினைப்பார்கள். இல்லை, வேறு குடும்பம். அடுத்து மொட்டைமாடியில் அந்தத் திருடர்கள் இருவர். ஒருவனுக்கு நடுக்கம்: வௌவால் ஒருவனைத் தீர்த்துக்கட்டிவிட்டதாம், உடம்பில் ரத்தமே இல்லையாம். இந்த வதந்திக்குப் பிறகுதான் பேட்மேனின் உருவம் இறங்குகிறது. அகப்பட்டவனைக் கொல்லாமல், 'உன் கூட்டாளிகளிடம் என்னைப் பற்றிச் சொல்' என்று விட்டுவிடுகிறான். தன்னைப் பற்றிய வதந்தியை அவனே வளர்க்கிறான்! புரூஸின் பெற்றோர் கொலை படத்தின் பிற்பகுதிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதுவும் முதலில் பழைய செய்தித்தாள் வழியாக.

உடையும் இதற்கு உதவியது. பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனால் அந்த முகமூடிக்குள் தலையை மட்டும் திருப்ப முடியாது, மேலுடல் முழுக்கத் திரும்பியாக வேண்டும். அந்த விறைப்பே அச்சுறுத்துகிறது.

இனி உங்கள் திரைக்கதை. இருட்டு, பாதி முகம், நீளமான மேலங்கி என்று நாயகனை ஒளித்துவைத்தால் மட்டும் மர்மம் வந்துவிடாது. பலரும் சறுக்கும் இடம் இதுதான். அவனை யார் பார்க்கிறார்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அவன் குரலில் பின்னணி விவரிப்பு வைத்தால் பார்வையாளர் அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார், பிறகு பயம் வராது. முன்கதையை முதல் அரைமணிக்குள் கொட்டிவிடாதீர்கள்.

எழுதி முடித்ததும், நாயகன் இல்லாத காட்சிகளை மட்டும் தனியே எடுத்து வாசியுங்கள். ஒவ்வொன்றிலும் அவனால் யாரோ ஒருவர் வழியை மாற்றவேண்டும், பொய் சொல்லவேண்டும், குறைந்தது ஜன்னலையாவது சாத்தவேண்டும். அப்படி எதுவும் நடக்காத காட்சியில் நீங்கள் சொல்லும் பலவீனம் நிஜமாகவே இருக்கிறது. அதை வெட்டிவிடுங்கள்.