கான்டனீஸ் மொழியில் ‘ஓடிப்போகிறவர்’, ‘பின்வாங்குகிறவர்’ என்பதை எப்படிச் சொல்வார்கள்?

கான்டனீஸ் என்பது ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழி. அந்தப் பேச்சுவழக்கில் இதற்கு ஒரே சொல் கிடையாது. எதிலிருந்து நழுவுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

‘ஜவ் லோ’ என்றால் தப்பி ஓடுவது. நம் ‘கம்பி நீட்டுவது’ போல. ‘ஜவ் சோ’வில் ‘சோ’ என்பது கணக்கு. கடனையோ பந்தயப் பணத்தையோ தராமல் நழுவுவது. ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கினால் ‘சுக் ஸா’. ‘சுக்’ என்றால் சுருங்குவது. தொட்டதும் தலையை உள்ளிழுக்கும் ஆமையை நினைத்துக்கொள்ளுங்கள். கோழையை அங்கே ‘தலையிழுத்த ஆமை’ என்றே திட்டுவார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ‘லட் டை’. ‘லட்’ கழல்வது, ‘டை’ அடிப்பாகம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலிருப்பது. அடி கழன்ற கூடையில் எதை நம்பி வைப்பது?

‘லோ’ தனியாக ‘ஆண் ஆள்’ என்று பொருள்படுவதால் ‘ஜவ் லோ’வை ‘ஓடும் ஆண்’ என்று தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. அது வினைச்சொல், பெண் ஓடினாலும் அதேதான்.