ஆவணியில் துளிர், புரட்டாசியில் விதை: தென்னாப்பிரிக்கத் தோட்ட வாசகர் கேள்வி – பதில்

கே: ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நாலு நாள் வெயில் கொளுத்தியது. குளிர் ஓடிவிட்டது என்று வெண்டை விதைத்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றுகூடத் தலை நீட்டவில்லை. தோண்டினால் விதை கொழகொழவென்று கிடக்கிறது. விதை பழசா, மண் கெட்டதா?
— சாட்ஸ்வொர்த் வாசகி

ப: இரண்டுமில்லை அம்மா. நீங்கள் நம்பிய வெயில்தான் ஏமாற்றியது. அது பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கி இறங்கும் இந்தக் காற்று, 100 மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 1 பாகை (செல்சியஸ்) சூடேறுகிறது. கடற்கரைக்கு வந்து சேரும்போது கோடை வந்துவிட்டதோ என்று தோன்றும். குளிர்காலத்தின் பின்பாதியிலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் இது அடிக்கடி வீசும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே தென்மேற்கிலிருந்து குளிர் வந்து இறங்கும். ஆகவே ஆகஸ்டில் திடீரென்று சுட்டால் விதைப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், போர்வையை மடித்து வைக்காதீர்கள்.

காற்று சூடானாலும் மண் சூடாகியிருக்காது. வெண்டை பார்ப்பது மண்ணைத்தான். மண் 30 பாகையில் இருந்தால் 7 நாளில் முளைக்கும் விதை, 25இல் 13 நாள், 20இல் 17 நாள், 15இல் 27 நாள் எடுக்கும். அத்தனை நாள் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும். நீங்கள் தோண்டிப் பார்த்த கொழகொழப்பு அதுதான்.

சமையலறை வெப்பமானியே போதும். காலை 9 மணிக்கு, நிழல் படாத பாத்தியில், 5 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி இரண்டு நிமிடம் விடுங்கள். தொடர்ந்து 5 நாள் 20 பாகைக்குக் குறையாமல் காட்டினால் விதைக்கலாம். விதையை முந்தின இரவே ஊறவைத்து, 2 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் போதும். முளைக்கீரைக்கும் இதே கணக்கு. கொத்துமல்லி நேர் எதிர்: சூடு ஏற ஏற இலையை விட்டுவிட்டுப் பூவுக்கு ஓடும். அதை இப்போது புதிதாக விதைக்காமல், இருப்பதைப் பறித்துச் சமைத்து முடியுங்கள்.

செப்டம்பர் 1ஆம் தேதி வசந்த நாள் என்று பள்ளிப் பிள்ளைகள் பூ வைத்துக்கொள்வது அழகுதான். ஆனால் 2024 செப்டம்பர் 20ஆம் தேதியை ஒட்டி விழுந்த பனியில் டர்பனையும் ஜோகன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையே வேன் ரீனன் கணவாய்ப் பக்கம் மூடிக் கிடந்தது.

கே: பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கே அந்த மாதங்களில் இலை உதிர்கிறது. ஆறு மாதம் தள்ளி ஐப்பசி, கார்த்திகை என்று வைத்துக்கொள்ளலாமா?
— டோங்காட் வாசகர்

ப: கணக்கு சரி, ஆனால் மரம் ஒப்புக்கொள்ளாது. ஐப்பசி பிறப்பது அக்டோபர் நடுவில். அதற்குள் இங்கே பாதி வசந்தம் முடிந்திருக்கும். நம் ஊர்க் கல்யாண முருங்கைக்குப் பங்காளியான இந்நாட்டு முள்முருங்கை, இலையே இல்லாத கிளையில் ஆடியிலேயே சிவக்கத் தொடங்கிவிடும். ஆவணியில் மாம்பூவும் துளிரும். புரட்டாசியில் குயில், முதல் விதைப்பு. ஐப்பசியில் ஜகரண்டாவும் நல்ல மழையும். டர்பன் இருக்கும் கடலோர நட்டாலுக்கு இந்த வரிசையே பொருந்தும்.

இங்குள்ள ஜூலு மக்களின் மாதப் பெயர்கள் இந்த மண்ணைப் பார்த்து வைத்தவை. ஜூலை ‘உன்துலிகாசி’, புழுதி மாதம். ஆகஸ்ட் ‘உன்ச்வாபா’, எரிந்த புல்வெளியில் புதுப்புல் பளபளக்கும் மாதம். பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இதையும் எழுதி மாட்டிவையுங்கள். விரதத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று.

கே: டர்பனில் அக்கா வீட்டு முருங்கை துளிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் மொட்டையாக நிற்கிறது. செத்துவிட்டதா? வெட்டிவிடலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

ப: வெட்டாதீர்கள். டர்பனுக்குக் கடலே அடுப்பு. அங்கே கட்டடமும் தாரும் பகல் சூட்டை இரவில் விடுகின்றன. உங்கள் ஊர் 600 மீட்டருக்கு மேலே, மலை சூழ்ந்த கிண்ணத்தில் இருக்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து அடியில் தேங்கும். அதனால்தான் பள்ளத்து வீட்டில் உறைபனி விழும் இரவில், மேட்டு வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறார். உங்கள் மரம் பின்தங்குவது இயல்பு.

நுனியிலிருந்து கீழாக, ஒரு சாணுக்கு ஒரு இடத்தில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்தத் துண்டு மட்டும் போய்விட்டது. அடிவரை உலர்ந்திருந்தாலும் வேரிலிருந்து கிளம்பக்கூடும், நவம்பர் வரை பொறுங்கள். கவாத்து செய்யும் ஆசை இருந்தால் உறைபனி முற்றும் நின்ற பிறகு, ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வெட்டலாம். அவசரப்பட்டு ஆகஸ்டில் வெட்டினால் மரம் துளிர் விடும். அடுத்த உறைபனி அந்த இளந்துளிரைக் கருக்கும். சேமித்த சத்தை மரம் இரண்டு தடவை செலவழிக்க வேண்டிவரும்.

கே: மாம்பூ கொத்துக் கொத்தாக விட்டு, அப்படியே கொட்டிப்போகிறது. போன வருஷமும் இதே கதை.
— வெருலம் வாசகர்

ப: கொட்டுவது எல்லாம் நோயல்ல ஐயா. ஒரு கொத்தில் பெரும்பாலானவை ஆண்பூ. நூற்றில் ஒன்றுகூடக் காயாகாது. கவலைப்பட வேண்டிய நிலைகள் மூன்று.

பூக்காம்பில் மாவு தூவியதுபோல் வெள்ளை படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகத் தூளை உறையில் சொன்ன அளவில் கரைத்துத் தெளிக்கலாம். ஆனால் 30 பாகைக்கு மேல் சுடும் நாளில் தெளித்தால் பூவே வெந்துவிடும், அதாவது பெர்க் காற்று நாளில் கூடவே கூடாது. மழை, மூடுபனிக்குப் பிறகு கறுப்புப் புள்ளி விழுந்து கொத்து கருகினால் அது வேறு பூஞ்சை, கந்தகம் அதற்கு உதவாது. காய்ந்த கொத்துகளையும் சுள்ளிகளையும் அகற்றி, கிளை நடுவே காற்றோட்டம் விடுங்கள். அதற்குரிய செம்பு மருந்து விதைக்கடையில் கிடைக்கும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. ஜூலைக் குளிரில் அவசரமாக விரிந்த பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. காய் பிடித்தாலும் கொட்டையில்லாத குட்டிக் காயாக நின்றுவிடும். சின்ன மரமானால், இரவு இன்னும் குளிராக இருக்கும்போதே அந்த முதல் கொத்துகளை அடியோடு கிள்ளிவிடலாம். பக்க மொட்டுகளிலிருந்து இன்னொரு முறை பூக்கும். பூக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம். மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது.

கே: கிராமத்தில் இருந்தபோது குயில் கூவினால் வசந்தம் என்பார்கள். டர்பன் நடுவே ஃப்ளாட்டில் இருக்கிறோம், எதைப் பார்ப்பது?
— டர்பன் வாசகி

ப: மேலே பாருங்கள். ஆகஸ்டில் மஞ்சள் மூக்குப் பருந்து வடக்கிலிருந்து வந்துவிடும். வால் கவையாக இருக்கும், திருப்பும்போது வாலைச் சுக்கான்போல் முறுக்கும். நகரத்தில் கண்ணுக்குச் சுலபமாகப் படும் முதல் பறவை இதுதான்.

நீங்கள் சொல்லும் குயில் செம்மார்புக் குயில். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் மூன்று சுரம் இறங்குமுகமாகக் கூவும். ஆப்பிரிக்கான்ஸில் ‘பீட்-மை-ஃப்ரோ’, ஜூலுவில் ‘உபெசுகோம்கோனோ’. மண்வெட்டி தோளேறும் நேரம் என்று அந்தக் குரலுக்குப் பொருள் சொல்வார்கள். கண்ணில் படுவது அரிது, காதைத்தான் நம்ப வேண்டும். விடியலில் டர்பனுக்குள்ளேயே இருக்கும் ‘பிஜன் வேலி’ (புறாப் பள்ளத்தாக்கு) அல்லது பர்மன் புஷ் காட்டுப்பகுதிக்குப் போய், நின்று கேளுங்கள்.

தகைவிலான்கள் ஐரோப்பாவிலிருந்து வருபவை, அதனால் கடைசி. டர்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்து மவுண்ட் மோர்லண்ட் நாணற்காட்டில் அந்திக்கு அவை ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இறங்கின. இப்போதும் இறங்குகின்றனவா என்று விசாரித்துவிட்டு, நவம்பருக்குப் பிறகு, சூரியன் மறைய அரை மணி முன்பே போய்விட வேண்டும்.

கே: தொட்டியில் கிளைவியா பச்சைப்பசேலென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை.
— ஸ்டேஞ்சர் வாசகி

ப: அதிகம் கவனிக்கிறீர்கள். ஜூன், ஜூலையில் ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, குளிர்ந்த நிழலில் விடுங்கள். பூத்தண்டு ஒரு விரல் நீளம் எழும்பிய பிறகு பழையபடி ஊற்றலாம். குளிர் போதாவிட்டால் தண்டு நீளாமல் இலைக்குள்ளேயே பூ சிக்கும். (இந்த நட்டால் காட்டுப்பூவுக்கு 1828இல் பெயர் வைத்தது ராபர்ட் கிளைவின் பேத்தியை நினைத்து. அந்தப் பேத்தியின் அப்பா சென்னைக்கு ஆளுநராக இருந்தவர். கிளைவ் நம்மை இங்கேயும் விடவில்லை.)

கே: எங்கள் தெருவில் வேம்பு பூத்துக் குலுங்குகிறது. உலர்த்தி வைத்தால் சித்திரை முதல் நாள் பச்சடிக்கு ஆகுமா?
— ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வாசகி

ப: கூடாது, தயவுசெய்து வேண்டாம். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் சிரிங்கா, நம் ஊர் மலைவேம்பு. அது நஞ்சு. பழத்தில் இன்னும் அதிகம். பூவின் நிறம் பாருங்கள்: வேம்பு வெள்ளை, சிரிங்கா இளம் ஊதா, நடுவில் கருஊதாக் குழல். இலையைப் பாருங்கள்: வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள், சிரிங்காவில் காம்பு கிளைத்து, அந்தக் கிளையில் சிற்றிலைகள். குளிர்காலம் முழுக்க மொட்டைக் கிளையில் மஞ்சள் காய்கள் தொங்கினால் சந்தேகமே வேண்டாம். உங்கள் ஊர் உறைபனியில் உண்மையான வேம்பு பிழைப்பதே கடினம். பச்சடிக்கு இந்தியக் கடையில் உலர்ந்த வேப்பம்பூ வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: மாணவர்களை வசந்த நாட்குறிப்பு எழுதவைக்க விரும்புகிறேன். எப்படி?
— பீனிக்ஸ் ஆசிரியை

ப: ஆளுக்கொரு மரம் போதும். ஒரு கிளையில் நாடா கட்டி, வாரம் ஒரே கிழமையில் அதே கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டு பருத்த நாள், மூன்று இடத்திலாவது பூ விரிந்த நாள், பாதி பூத்த நாள், இலை முழு அளவு வந்த நாள் என்று நாலு தேதி. தினம் தண்ணீர் பாயும் மரம், தெருவிளக்கடி மரம், வெயில் சுவரை ஒட்டிய மரம் மூன்றையும் தவிர்க்கவும். அவை தங்கள் கணக்கில் போகும். இங்கே சூரியன் வடக்கில் சாய்வதால் வடக்குக் கிளை முந்தும். எல்லாரும் ஒரே திசைக் கிளையில் நாடா கட்டாவிட்டால் தேதிகளை ஒப்பிட முடியாது. செப்டம்பரில் பகல் நாளுக்குக் கிட்டத்தட்ட 2 நிமிடம் நீள்வதால், சூரியன் மறையும் நேரத்தையும் வாரம் ஒருமுறை ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும்.