நாடகம் நடிக்க வைத்துக் கணக்கு சொல்லித்தர முடியுமா?

முடியும். ராயபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். விகிதப் பாடத்தை நடிக்க வைத்துத்தான் தொடங்குவேன். ஆனால் அட்டையில் முக்கோணம் வெட்டி மாட்டிக்கொண்டு "எனக்கு மூன்று பக்கம்" என்று ஒப்பிப்பது ஆண்டுவிழாவுக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது. வேடம் கட்டிய பிள்ளைக்கு அந்த எண்ணால் லாபமோ நட்டமோ வர வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் பலருக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வீட்டுச் சங்கதி. அதனால் விசைப்படகு கரை சேர்ந்த காட்சியை வைப்பேன். ஒருவர் ஓனர், ஒருவர் டிரைவர், நான்கு பேர் ஆட்கள். மீன் 48,000 ரூபாய்க்கு ஏலம் போனது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 18,000. ஓனருக்கும் மற்றவர்களுக்கும் 3:2. மற்றவர்களுக்கு வருவதில் டிரைவருக்கு இரண்டு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. (வகுப்புக்காக நான் வைத்த எண்கள், நிஜத்தில் படகுக்குப் படகு மாறும்.)

செலவை எப்போது கழிப்பது என்று மட்டும் சொல்ல மாட்டேன். சண்டை அங்கேதான் பிடிக்கும். முதலிலேயே கழித்தால் மீதி 30,000. ஆட்கள் பக்கம் 12,000, ஒரு பங்கு 2,000. பங்கு பிரித்த பிறகு ஓனர் தலையில் செலவைக் கட்டினால் ஆட்கள் பக்கம் 19,200, ஒரு பங்கு 3,200.

"டீசலு உன் போட்டுக்குத்தானே, எங்க காசுல ஏன் புடிக்கிற?"

"போட்டு போனாத்தானே உனக்கு மீனு?"

ஓனராக நின்ற பெண், நான் கூப்பிடாமலே பலகைக்கு வந்து 28,800-இலிருந்து 18,000-ஐக் கழித்துவிட்டு, "எனக்கு 10,800தானா மிஸ்?" என்று கேட்டாள். விகிதம் எதன்மேல் போடப்படுகிறது என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு படகே இல்லாத கணக்குகளை நோட்டில் போட வைக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். நடிக்கக் கூச்சப்படுகிறவரைக் கணக்குப்பிள்ளையாக உட்காரவையுங்கள். எல்லோரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

ஏழாம் வகுப்பில் குறை எண்களுக்குத் தண்டல்காரர், அதாவது வட்டிக்குக் கொடுத்த கடனை வசூலிக்கிறவர், வருவார். 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரே மிகை எண்ணைச் செல்வம், குறை எண்ணைக் கடன் என்றுதான் விதி எழுதினார். 500 ரூபாய் கடன்பட்டவரின் 200 ரூபாய்க் கடன் சீட்டைத் தண்டல்காரர் கிழித்துப் போட்டால் −500 − (−200) = −300. கழிக்கும்போது எண் ஏன் கூடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒன்றில் கவனம் தேவை: இங்கே நிறைய வீடுகளில் தண்டல் நிஜமாகவே வாசலுக்கு வருகிறது. பிள்ளைகளைச் சொந்தக் கதை சொல்லவிட்டால் வீட்டுக் கடன் வகுப்பில் அவிழ்ந்துவிடும். அதனால் பெயர், தொகை எல்லாம் கற்பனையாக நானே எழுதிய சீட்டைத்தான் கொடுக்கிறேன்.