துருக்கி மொழியை எப்படிக் கற்றுக்கொள்வது? தமிழ் தெரிந்தவர்களுக்கு அது எளிதா?

வாக்கிய அமைப்பு எளிது. சொல்லின் பின்னால் சேரும் ஒட்டுகள் உழைப்பு கேட்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் துருக்கி மொழிக்கு 44 வாரம், 1100 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசுபவர்களுக்கான கணக்கு. அவர்களுக்கு வினை கடைசியில் வருவதே ஒரு தடை. நமக்கு அது தடையே இல்லை. தமிழும் துருக்கியும் உறவு மொழிகள் அல்ல, ஆனாலும் வாக்கியம் கட்டும் முறை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகும். ஆங்கில விளக்கத்தைத் தமிழில் பெயர்த்துப் பெயர்த்துப் படிக்காமல், துருக்கியைத் தமிழோடு நேரடியாக ஒப்பிட்டுப் படியுங்கள். பாதி இலக்கணம் அப்படியே புரிந்துவிடும்.

உதாரணமாக, 'கிதாப் ஒகுயோரும்' என்றால் 'புத்தகம் படிக்கிறேன்'. 'கிதாபு ஒகுயோரும்' என்றால் 'புத்தகத்தைப் படிக்கிறேன்', அதாவது குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தை. ஆங்கில வழிப் பாடங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த வேறுபாடு நமக்கு 'ஐ' உருபின் வேலைதான். 'அலி கெல்தி மி?' என்றால் 'அலி வந்தானா?'; 'அலி மி கெல்தி?' என்றால் 'அலியா வந்தான்?'. நம் 'ஆ' இடம் மாறுவது போலவே 'மி'யும் மாறும். எழுதும்போது மட்டும் அதைத் தனிச் சொல்லாக எழுத வேண்டும். 'கெல்தி' வந்தான், 'கெல்மிஷ்' வந்தானாம். 'என்று' என்பதற்கு 'தியெ'. அதுவும் 'சொல்' என்ற வினையிலிருந்து பிறந்ததே. 'புத்தகம் கித்தகம்' என்கிறோமே, அதுகூட அங்கே 'கிதாப் மிதாப்'!

முதல் வாரம் எழுத்துக்கும் ஒலிக்கும் போகட்டும். 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மொத்தம் 29 எழுத்துகள், அதில் 8 உயிர். எழுதியபடி படிக்கலாம். புள்ளியில்லாத ஆங்கில 'ஐ' (ı) எழுத்தைக் கண்டு பலர் திணறுவார்கள். அது நம் குற்றியலுகரம்தான்: 'அது', 'பாக்கு' என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வரும் ஒலி. மேலே இரண்டு புள்ளி வைத்த 'யூ'வுக்கு நாக்கை 'இ' நிலையில் வைத்து உதட்டை மட்டும் 'உ'வுக்குப் போலக் குவியுங்கள். இரண்டு புள்ளி 'ஓ'வுக்கு அதே வித்தையை 'எ'யில் தொடங்குங்கள். (நான் இங்கே தமிழில் எழுதியிருப்பது அடையாளத்துக்கு மட்டும், ஒலியை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகுங்கள்.)

போனில் துருக்கி விசைப்பலகையை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். புள்ளியுள்ள 'ஐ'யும் புள்ளியில்லாத 'ஐ'யும் வெவ்வேறு எழுத்துகள். 'சலித்துப்போச்சு' என்று சொல்லும் சொல்லில் புள்ளியில்லாதவை வரும். அவற்றுக்குப் புள்ளி வைத்தால் அது கெட்ட வார்த்தை.

அடுத்தது உயிரொத்திசைவு. சொல்லின் கடைசி உயிர் எந்த இனமோ, ஒட்டும் அதே இனமாக மாறும். எவ் என்றால் வீடு: எவ்-லெர்-இமிஸ்-தெ, 'நம் வீடுகளில்'. ஒகுல் என்றால் பள்ளி: ஒகுல்-லார்-உமுஸ்-தா, 'நம் பள்ளிகளில்'. விதியை மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. 20 பெயர்ச்சொற்களை எடுத்து ஆறு வேற்றுமையிலும் தினமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சில வாரத்தில் தவறான ஒட்டு காதில் உறுத்தத் தொடங்கும். நிகழ்கால 'யோர்' மட்டும் எந்த உயிருக்கும் மாறாது. ஆனால் அது தனக்கு முன்னால் உள்ள 'எ'யை 'இ' ஆக்கிவிடும்: 'பெக்லெ' (காத்திரு) 'பெக்லியோர்' ஆகும், 'பெக்லெயோர்' ஆகாது. வழக்கத்தைச் சொல்லும் காலத்தில் ஓரசை வினைகள் பெரும்பாலும் 'அர்/எர்' எடுக்கும். கெல், அல், வெர், ஒல் உட்பட 13 வினைகள் மட்டும் விலகி 'இர்' வகையை எடுக்கும். அந்தப் பதின்மூன்றையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதுதான் வழி. எல்லாமே அன்றாடம் புழங்கும் வினைகள்.

இனி, தமிழர்கள் வழுக்கும் இடங்கள். இவற்றைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நமக்கு எளிதாக இருப்பதே இங்கே ஏமாற்றும்.

உடைமை இரண்டு பக்கமும் ஒட்டும். 'அலியின் வீடு' என்பதை 'அலினின் எவ்' என்றால் தவறு, 'அலினின் எவி' என்று வீட்டிலும் ஒட்டு வேண்டும். 'ஓட்டல் அறை' போன்ற தொகைச் சொல்லிலும் அப்படியே: 'ஒதெல் ஒதாஸு'. நாம் இரண்டு பெயரைப் பக்கத்தில் வைத்தாலே போதும் என்று பழகியவர்கள், அதனால் இது நெடுநாள் விடாது.

பெயரெச்சமும் சிக்கல்தான். 'வந்த ஆள்', 'நான் படித்த புத்தகம்' இரண்டுக்கும் நமக்கு ஒரே வடிவம். துருக்கியில் செய்தவரைக் குறித்தால் 'கெலென் ஆதம்' (வந்த ஆள்). செய்யப்பட்டதைக் குறித்தால் 'ஒகுதூம் கிதாப்'. இதில் 'நான்' என்பது எச்சத்துக்குள்ளேயே 'என்' ஆக ஒட்டியிருக்கிறது. 'என்னுடைய படித்தலுக்கு உரிய புத்தகம்' என்று நினைத்துக்கொண்டால் வடிவம் சரியாக வரும்.

'எனக்கு' என்று தொடங்கும் பழக்கத்தை அடக்க வேண்டும். 'எனக்குப் பணம் இருக்கிறது' என்பது 'என் பணம் உண்டு' (பாராம் வார்). 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'என் தலை வலிக்கிறது'. அதோடு வினை கேட்கும் வேற்றுமையும் மாறும்: பஸ்ஸில் ஏறுவதில்லை, பஸ்ஸுக்கு ஏறுவார்கள், அவனைப் பார்ப்பதில்லை, அவனுக்குப் பார்ப்பார்கள், பாம்புக்குப் பயப்படுவதில்லை, பாம்பிலிருந்து பயப்படுவார்கள். ஆகவே வினையைத் தனியாக எழுதாமல் அது கேட்கும் உருபோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சொற்களில் அரபு, பாரசீக வழியாக வந்த சில உறவுக்காரர்கள் கிடைப்பார்கள். வாரிசு அங்கேயும் வாரிஸ். ஆனால் நம் சிபாரிசு அங்கே 'சிபாரிஷ்', அதற்கு அர்த்தம் கடையில் கொடுக்கும் ஆர்டர். மைதானம் 'மெய்தான்' ஆகி ஊரின் சதுக்கத்தைக் குறிக்கும்.

பாடத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. துருக்கி அரசின் யூனுஸ் எம்ரே நிறுவனம் இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. 1932இல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் அகராதியும் இணையத்தில் இலவசம். துருக்கி அரசின் உதவித்தொகை பெற்றுப் படிக்கப் போகிறவர்களுக்கு அங்கே ஓராண்டு மொழிப் படிப்பு உண்டு, அதன் முடிவில் சி1 என்ற உயர்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். போவதற்கு முன்பே ஒட்டுகள் வாயில் பழகியிருந்தால் அந்த ஓராண்டைச் சொற்களுக்கும் வாசிப்புக்கும் செலவிடலாம்.

நாடகம் பார்த்துப் பழகுவதானால் பேச்சு வழக்கைத் தனியாகக் குறித்துவையுங்கள். 'கெலியோரும்' (வருகிறேன்) பேச்சில் 'கெலியோம்'. 'நெ ஹாபெர்' (என்ன சேதி) 'நாபெர்'. புத்தக வடிவம் மட்டும் தெரிந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. துருக்கி மொழி வசன வரியோடு ஐந்து நிமிடக் காட்சியை நான்கு முறை கேட்பது, தமிழ் மொழிபெயர்ப்போடு ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட மேல்.